குருத்வாராவும் அரசும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீக்கியர்கள் அரசின் தலையீடின்றித் தங்கள் வழிபாட்டிடங்களைத் தாங்களே நடத்துகிறார்கள், இந்துக்களுக்கு மட்டும் ஏன் அவ்வுரிமை இல்லை என்று இங்கே ஆலய நிர்வாக விவாதங்களில் கேட்கப்படுகிறது. அது உண்மைதானா? மதமும் அரசியலும் பிரியாத ஒரு மரபில் அரசிலிருந்து விலகிய சமூக அமைப்பு எப்படி உருவாகியது?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

பாதி உண்மை. குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி அரசுத்துறை அல்ல; ஆனால் 1925-ஆம் ஆண்டின் சீக்கிய குருத்வாரா சட்டத்தின்படி இயங்குவது. அச்சட்டம் பிரிட்டிஷ் அரசு மனமுவந்து அளித்ததல்ல, போராடிப் பெற்றது. அன்று பல குருத்வாராக்கள் மகந்துகள் எனப்படும் பரம்பரை நிர்வாகிகளின் கையில் இருந்தன; பொற்கோயிலின் நிர்வாகியோ அரசால் அமர்த்தப்பட்டவர், ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின்னரும் அதை நடத்திய டயருக்கு மரியாதை செய்தவர். 1920-இல் கமிட்டி எந்தச் சட்ட ஏற்புமின்றித் தோன்றியது. மறு ஆண்டு நன்கானா சாகிப்பில் மகந்தின் அடியாட்கள், குருத்வாராக்களை மீட்கப் போராடிய அகாலிகள் என்னும் சீக்கியத் தொண்டர்களைக் கொன்று குவித்தனர். 1922-இல் குரு கா பாக் குருத்வாராவில், லங்கர் என்னும் பொதுச் சமையற்கூடத்துக்கு விறகு வெட்டச் சென்றவர்களைக் காவலர்கள் தடியால் அடித்து வீழ்த்த, கிர்பான் என்னும் குறுவாளைத் தரிப்பதைக் கடமையாகக் கொண்ட அந்த மக்கள் கை ஓங்காமல் நாள்தோறும் அணியணியாக வந்து அடி வாங்கினார்கள். 1924-இல் வைக்கம் போராட்டத்தில் லங்கர் நடத்த வந்தவர்களும் இதே அகாலிகள்தான் (காந்தி அதை விரும்பவில்லை என்பது வேறு கதை).

ஆறாம் குரு ஹர்கோவிந்த் தரித்த மீரி (உலகியல் அதிகாரம்), பீரி (ஆன்மிக அதிகாரம்) என்னும் இரு வாள்களை நீங்கள் மதமும் அரசியலும் பிரியாமை என்கிறீர்கள். ஆள்பவனும் சங்கத்தின், அதாவது வழிபடக் கூடும் சீக்கியச் சமூகத்தின், முன் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதே அதன் சாரம் என்று நான் எண்ணுகிறேன். மகாராஜா ரஞ்சித் சிங்கே, சீக்கியர்களின் உச்ச மதபீடமான அகால் தக்த் விதித்த தண்டனைக்குத் தலைவணங்கியதாக மரபு சொல்கிறது.

சிக்கல் 1925-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. கமிட்டியின் தேர்தலை நடத்தும் பொறுப்பு மத்திய அரசிடம் உள்ளது. 2011-க்குப் பின் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பொதுத்தேர்தல் நடக்கவில்லை. முடி வெட்டிக்கொள்ளும் சகஜ்தாரிகளுக்கு வாக்கில்லை என்பதையும் 2016-இல் நாடாளுமன்றமே சட்டத்திருத்தத்தால் உறுதிசெய்தது. அதைக் கோரியவர்கள் கமிட்டியை ஆண்ட அகாலி தளக் கட்சியினரே என்பதுதான் விசித்திரம். ஹரியானா 2014-இல் தனிச்சட்டம் இயற்றித் தன் குருத்வாராக்களைப் பிரித்துக்கொண்டதை 2022-இல் உச்சநீதிமன்றமும் ஏற்றது.

ஆனாலும் 1925-இலேயே பெண்களுக்கும் வாக்குரிமை அளித்த சபை அது. இங்கே குருத்வாராவை முன்னுதாரணம் காட்டுபவர்கள், எல்லாச் சாதி ஆண்களும் பெண்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆலயசபையைத்தான் கேட்கிறார்களா என்பதை நீங்கள் அவர்களிடமே கேட்கலாம்.