கடைப் பெயருக்கு ஸ்லாப் செரிஃப் ஃபாண்ட் வைக்கலாமா?

கேள்வி: புதிதாக ஆரம்பிக்கும் பேக்கரியின் ஆங்கிலப் பெயருக்கு, தடித்த கோடும் மெல்லிய கோடும் பளிச்சென்று வேறுபடும் ஸ்லாப் செரிஃப் (எழுத்து முனைகளில் பட்டை வைத்த) ஃபாண்ட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். டிசைனர், "கவ்பாய் படப் போஸ்டர் மாதிரி இருக்கும், படிக்கவும் முடியாது" என்கிறார். வைக்கலாமா?

தாராளமாக வையுங்கள். ஆனால் பெயருக்கு மட்டும்.

உங்கள் டிசைனரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, அவர் மனதில் இருப்பது வேறு எழுத்தாக இருக்கலாம். கவ்பாய் போஸ்டரில் வருவது ஃப்ரெஞ்ச் கிளாரெண்டன் என்ற ஸ்லாப் வகை. அதில் நிற்கும் கோடு ஒல்லியாகவும், எழுத்தின் தலையிலும் அடியிலும் இருக்கும் பட்டைகள் கனமாகவும் இருக்கும். அமெரிக்க மர அச்சு எழுத்துகளில் பரவியது அது. நீங்கள் பிடித்திருப்பது அதற்கு நேர் எதிர் என்று நினைக்கிறேன்: நிற்கும் கோடு கனம், குறுக்குக் கோடு மெலிவு, அடியில் அகலமான பட்டை, பட்டை நிற்கும் கோட்டோடு சேரும் இடத்தில் ஒரு வளைவு.

இதன் மூத்த வடிவம் 1845-இல் லண்டன் ஃபேன் தெருவில் இருந்த அச்செழுத்து வார்ப்பகத்தில் ராபர்ட் பெஸ்லி வெளியிட்ட கிளாரெண்டன். அச்சை வெட்டியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். அதற்குச் சுமார் முப்பது வருடம் முன்பு வின்சென்ட் ஃபிகின்ஸ் போட்ட ஸ்லாப் எழுத்துகளில் எல்லாக் கோடும் ஏறக்குறைய ஒரே கனம். விளம்பரத் தாளில் கண்ணில் அறைய வேண்டும், அவ்வளவுதான் அவற்றின் வேலை. பெஸ்லி அதில் கனமும் மெலிவும் கொண்டுவந்து ஒரு நடையைக் கொடுத்தார். மூன்று வருடத்துக்கு உரிமையும் பதிவு செய்தார், அது முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் எல்லாம் நகல் போட்டன. யாருக்கும் படிக்க முடியாத எழுத்தை ஊரே நகல் எடுக்குமா?

"படிக்க முடியாது" என்று கேட்டாலே எனக்குப் பொறுக்காததற்குக் காரணம் உண்டு. கோவையில் ஒரு ஜவுளிக் கடைக்கு இதே குடும்பத்தில் ஒரு கனமான ஃபாண்டில் பெயர் வடிவமைத்துக் கொடுத்தேன். சுவரில், போர்டில், பத்திரிகை விளம்பரத்தில் எல்லாம் அருமையாக உட்கார்ந்தது. ஃபைலோடு அனுப்பிய மெயிலிலேயே, முகவரிக்கும் போன் நம்பருக்கும் பட்டை இல்லாத சாதாரண சான்ஸ் செரிஃப்தான் போட வேண்டும் என்று எழுதியிருந்தேன். பை அச்சடித்தவர், "ஒரே மாதிரி இருக்கட்டுமே" என்று நம்பரையும் அதே ஃபாண்டில் பொடியாகப் போட்டு, துணிப் பையில் ஸ்க்ரீன் பிரிண்ட் அடித்துவிட்டார். இந்த எழுத்தின் 3, 6, 9 எண்களில் கோடு முடியும் இடத்தில் உருண்டையாக ஒரு குமிழ் இருக்கும். பெரிய அளவில் அதுதான் அழகு. சின்ன அளவில், மை பரவும் துணியில், குமிழ் பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். 3 போய் 8 ஆகிவிட்டது, 6-உம் ஏறக்குறைய 8. மெல்லிய கோடுகள் பாதி விழவே இல்லை. பை முழுக்க வீண். கடைக்காரர் சொன்னது: "உங்க ஃபாண்ட் சரியில்ல சார்."

ஃபாண்ட் சரியாகத்தான் இருந்தது. அது பெரிதாக நிற்பதற்கென்றே வரைந்தது, அந்த மெல்லிய கோடுதான் கனமான கோட்டைக் கனமாகக் காட்டுகிறது. பொடி எழுத்துக்கு வேறு வரைவு வேண்டும், அதனால்தான் நல்ல குடும்பங்களில் பெரிய எழுத்துக்கு டிஸ்ப்ளே தனி, பொடி எழுத்துக்கு டெக்ஸ்ட் தனி என்று கொடுக்கிறார்கள். "எல்லாருக்கும் இதெல்லாம் தெரியுமா" என்று சிலர் கேட்பீர்கள். தெரிய வேண்டாம். தெரிந்தவர் எழுதிக் கொடுத்ததைப் படித்தால் போதும்.

இதைப் படிக்காமல் விடுவதற்குக் காரணம், பல அச்சகங்களில் "டிசைன் இலவசம்" என்று போர்டு வைத்திருப்பது. இலவசமாகக் கிடைப்பதை யார் மதிப்பார்கள்? எங்கள் மாதிரி ஆட்கள் ராத்திரி உட்கார்ந்து எழுத்துக்கு எழுத்து இடைவெளி சரி செய்து அனுப்பினால், "இதுக்குமா காசு, பிரஸ்ல சும்மா பண்ணித் தர்றாங்களே" என்று பேரம் பேசுகிறார்கள். அந்தச் சும்மா வேலையைச் செய்கிற டிடிபி பிள்ளைகளுக்கு என்ன சம்பளம் என்று யாரும் கேட்பதில்லை. சரி, அது தனிக் கதை.

உங்கள் பேக்கரிக்கு வருவோம். லேப்டாப்பில் பெரிதாகப் பார்த்துத்தான் மயங்கியிருப்பீர்கள், எல்லாரும் அப்படித்தான். போர்டு அக்ரிலிக் எழுத்தா, உள்ளே எல்இடி வருமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். மெல்லிய கோட்டுக்குள் எல்இடி வைக்க இடம் இருக்காது, ராத்திரியில் கனமான பாகம் மட்டும் எரிந்து எழுத்து துண்டு துண்டாகத் தெரியும். அப்படியானால் வெளிச்சம் வெளியிலிருந்து விழட்டும், இல்லையென்றால் குறுக்குக் கோடு கொஞ்சம் தடித்த வெயிட்டை (ஃபாண்டின் கன அளவை) எடுங்கள். பெஸ்லி என்ற பெயரிலேயே திறந்த உரிமத்தில் ஒரு கிளாரெண்டன் இருக்கிறது, பணம் கட்டாமல் கடைக்குப் பயன்படுத்தலாம், வெயிட்டுகளும் பல உண்டு.

தமிழ்நாட்டில் போர்டில் தமிழ்ப் பெயர்தான் முதலிலும் பெரிதாகவும் வர வேண்டும், அதை மறக்காதீர்கள். ஆங்கிலத்துக்குப் பொருந்தட்டும் என்று க, ப எழுத்துகளுக்கு அடியில் பட்டை ஒட்டுகிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யவிடாதீர்கள். கனமும் மெலிவும் உள்ள ஒரு தமிழ் ஃபாண்டை எடுத்து, கனமான கோடு இரண்டிலும் ஒரே அளவாகத் தெரியும்படி வைத்தால் போதும். அப்புறம் கேக் பெட்டியில் விலை, தேதி, போன் நம்பர் எல்லாவற்றுக்கும் சாதாரண ஃபாண்ட். இதை உங்கள் அச்சகத்துக்கு எழுதியே கொடுங்கள், ப்ரூஃபை, அதாவது மாதிரி அச்சை, பெட்டியின் உண்மை அளவில் எடுத்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.