அகச்சிவப்பு கேள்வி பதில்: கருவி தெரிகிறது, ஃபைல் மட்டும் பாதியில் அறுகிறது

கேள்வி: சார், எங்கள் பட்டறையில் மெஷின் ஓட்டும் கம்ப்யூட்டரில் லினக்ஸ் 4.9, அதன் மேல் ரியல்-டைம் பேட்ச். பழைய அளவீட்டுக் கருவி ஒன்றிலிருந்து ஐஆர்டிஏ (அகச்சிவப்பு ஒளியில் தகவல் அனுப்பும் பழைய முறை) வழியாக ரீடிங் எடுக்கிறோம், சீரியல் போர்ட்டில் செருகும் டாங்கிள்தான். பேட்ச் இல்லாத சாதா கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) ஒழுங்காக வந்தது. இப்போது கருவியின் பெயர் உடனே தெரிகிறது, ஃபைல் இறங்க ஆரம்பித்ததும் பாதியில் அறுந்துவிடுகிறது. டாங்கிளை மாற்றியும் பார்த்தாகிவிட்டது. ரியல்-டைம் என்றால் வேகம் கூடத்தானே வேண்டும்?
- பெயர் வேண்டாம், கப்பலூர்

பதில்: கூட வேண்டியதில்லை. முக்கியமான வேலை தாமதமாகாது என்பதுதான் ரியல்-டைம் தரும் உறுதி, அதற்காக மற்ற வேலைகள் காத்துக்கிடக்கும், உங்கள் டாங்கிள் அந்த 'மற்ற' பட்டியலில் இருக்கிறது.

பெயர் தெரிகிறது என்று எழுதினீர்களே, பிடி அங்கேதான் இருக்கிறது. ஐஆர்டிஏவில் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கும் பேச்சு எப்போதும் 9600 பாட் (இங்கே விநாடிக்கு இத்தனை பிட்) வேகத்தில்தான் நடக்கும். இணைப்பு ஏற்பட்ட பிறகுதான் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு 115200 வரை ஏறுகின்றன. சீரியல் சிப்பில் (16550ஏ வகை என்று வைத்துக்கொள்கிறேன்) 16 பைட்டுக்குத்தான் இடம். 9600-ல் அது நிரம்ப 16 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும், 115200-ல் ஏறக்குறைய 1.4 மில்லி செகண்ட், அதிலும் 8 பைட் சேர்ந்த பிறகுதான் சிப் கெர்னலைக் கூப்பிடும் (இதுதான் இன்டரப்ட்) என்பதால் மிச்ச அவகாசம் வெறும் 0.7. சாதா கெர்னல் அந்தக் கூப்பாட்டுக்கு அங்கேயே ஓடிவரும். ரியல்-டைம் கெர்னலில் அதைக் கவனிப்பது 50 முன்னுரிமையுள்ள ஒரு த்ரெட், அதாவது தன் முறை வரும்வரை காத்திருக்கும் தனி வேலை (எண் கூடினால் முன்னுரிமையும் கூடும்). உங்கள் மெஷின் புரோகிராம் 80-ல் ஓடிக்கொண்டு, ஒரு மூச்சில் ஒன்றிரண்டு மில்லி செகண்ட் சிபியூவை விடாமல் பிடித்தால் பைட்டுகள் கொட்டிப்போகும், ஃப்ரேம் (ஒன்றாக அனுப்பும் பைட்டுகளின் கட்டு) கெடும், திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு ஐஆர்டிஏ இணைப்பையே அறுத்துவிடும்.

இதை ஊகமாக விட வேண்டாம், பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ப்ராக் அடைவுக்குள் டிடிஒய், அதற்குள் டிரைவர், அதற்குள் சீரியல் என்று ஒரு கோப்பு இருக்கும், ரூட்டாகத் திறங்கள். உங்கள் போர்ட்டின் வரியில் 'ஓஇ' என்ற இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் அது கொட்டிப்போனவற்றின் கணக்கு. எதுவும் கொட்டவில்லை என்றால் அந்த எழுத்துகளே இருக்காது. ஃபைல் இறங்கும்போது அந்த எண் ஏறுகிறதா பாருங்கள். அப்புறம் ப்ராக்-சிஸ்-நெட்-ஐஆர்டிஏ அடைவில் உள்ள அதிகபட்ச பாட் ரேட்டை 19200 ஆக்கிவிட்டு மறுபடி இணையுங்கள். இப்போது முழு ஃபைலும் வந்தால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான். அப்போதும் அறுந்தால் மட்டும் வெளிச்சத்தைச் சந்தேகப்படலாம்: ஷெட் கதவு வழியாக வெயில் நேரே ரிசீவரில் விழுகிறதா, தூரம் ஒரு மீட்டரைத் தாண்டுகிறதா, கருவி கோணலாக இருக்கிறதா என்று.

தீர்வு என்று பலரும் முதலில் செய்வது சீரியல் த்ரெட்டின் முன்னுரிமையை 85, 90 என்று ஏற்றுவது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒன்று, மெஷினை ஓட்டும் வேலைக்கு மேலே ஒரு டாங்கிளை உட்காரவைக்கிறீர்கள். இன்னொன்று, த்ரெட் எடுத்த பைட்டுகளை ஐஆர்டிஏ அடுக்குக்குக் கொண்டுபோவது சாதாரண முன்னுரிமையில் ஓடும் கேவொர்க்கர் என்ற இன்னொரு கெர்னல் த்ரெட், அது அப்போதும் காத்துத்தான் கிடக்கும். சிபியூவில் இரண்டு கோராவது இருந்தால் மெஷின் புரோகிராமை டாஸ்க்செட் கட்டளை கொண்டு ஒரு கோரில் கட்டுங்கள், அந்தக் கோரை மற்ற வேலைகள் தொடாதபடி, கெர்னல் பூட் ஆகும் வரியில் ஐசோல்சிபியூஸ் என்று போட்டு ஒதுக்குங்கள், சீரியல் இன்டரப்ட்டை இன்னொரு கோருக்குத் தள்ளுங்கள். ஒரே கோர்தான் என்றால் 19200-லேயே விட்டுவிடுங்கள், சில கேபி ரீடிங் சில விநாடியில் வந்துவிடும், என்ன அவசரம்?

கேள்வி: 6.12 கெர்னலில் ரியல்-டைம் உள்ளேயே வருகிறது என்று போட்டேன். ஐஆர்டிஏ மாட்யூல் இல்லை என்கிறது. மீனாட்சி பஜாரில் வாங்கிய டிவி ரிமோட் ரிசீவர் ஒன்று இருக்கிறது, அதை வைத்துச் சமாளிக்கலாமா?
- கல்லூரி மாணவர், மேலூர்

பதில்: தேடாதீர்கள் தம்பி, கிடைக்காது. ஐஆர்டிஏவை 2017-ல் 4.14 வந்தபோது ஸ்டேஜிங் என்ற ஓரப் பகுதிக்கு ஒதுக்கினார்கள், 2018-ல் 4.17-ல் எடுத்தே விட்டார்கள். ரியல்-டைம் முழுதாக உள்ளே வந்தது 2024 நவம்பரில். ஒருவர் வீட்டைக் காலி செய்து ஆறு வருஷம் கழித்து இன்னொருவர் குடிவந்த கதை. ரிமோட் ரிசீவரும் உதவாது. அது 38 கிலோஹெர்ட்ஸ் போலத் துடிக்கும் ஒளியை மட்டும் எதிர்பார்க்கும், ஐஆர்டிஏ அனுப்புவது வெறும் குறுந்துடிப்புகள். டெபியன் 9 (ஐஆர்டிஏ இன்னும் உள்ளே இருக்கும் பழைய லினக்ஸ்) போட்ட பழைய லேப்டாப் ஒன்றில் ஐஆர்டிஏவை வைத்துக்கொண்டு, வந்த ஃபைலை லேன் கேபிள் வழியாக உங்கள் மெஷினுக்கு அனுப்புங்கள். அந்த லேப்டாப்பை இன்டர்நெட் பக்கம் மட்டும் காட்டாதீர்கள், அதற்கு இப்போது பாதுகாப்பு அப்டேட் வருவதில்லை.

கேள்வி: மின் மீட்டரின் முகப்பில் இருக்கும் அகச்சிவப்புக் கண்ணும் ஐஆர்டிஏதானா?
- திருநகர் வாசகி

பதில்: இல்லைம்மா. காந்தம் ஒட்டும் அந்தக் கண் பெரும்பாலும் ஐஇசி 62056-21 வகை, சாதாரண சீரியல் பேச்சை ஒளியில் அனுப்புவது, அதன் பழைய முறையில் பேச்சே 300 பாட்டில்தான் தொடங்கும். கெர்னலில் ஐஆர்டிஏ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை, சீரியல் போர்ட்டும் அந்தக் கண்ணில் ஒட்டும் ப்ரோபும் போதும். வீட்டுக்குள் நீங்களே வைத்த சப் மீட்டர் என்றால் தாராளமாகப் படித்துப் பாருங்கள், ஈபி மீட்டர் என்றால் கை வைக்க வேண்டாம்.