மத்திய அமெரிக்காவின் பழைய மாயா நாகரிகத்து மண்பாண்டம் எந்த ஊரில் செய்யப்பட்டது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

களிமண்ணில் கலந்திருக்கும் தனிமங்களின் அளவை வைத்துத்தான். பானை ஓட்டிலிருந்து கொஞ்சம் பொடி சுரண்டி, அணு உலையில் நியூட்ரான் பட வைப்பார்கள். அப்புறம் அது விடும் காமா கதிர்களை அளந்தால் சுமார் 30 தனிமங்களின் அளவு தெரியும். இதுதான் நியூட்ரான் பகுப்பாய்வு.

இடத்துக்கு இடம் பாறை வேறு, அதனால் மண்ணும் வேறு. ஊர்த் தண்ணீர் மாறினால் அதே சாம்பாரின் ருசி மாறுகிறதே, அப்படி. குயவர் எரிமலைச் சாம்பலோ சுண்ணாம்புப் பொடியோ சேர்த்துப் பிசைந்திருந்தால் அதுவும் கணக்கில் வரும் (இங்கேதான் தலைவலி: எது மண், எது கலவை என்று பிரித்தறிய வேண்டும்).

குவாத்தமாலாவின் அல்தார் தெ சாக்ரிஃபிசியோஸ் என்ற பழைய மாயா நகரின் கல்லறையில் கிடைத்த ஒரு 8-ஆம் நூற்றாண்டுக் குவளையின் மண், தொலைவிலுள்ள மோத்துல் தெ சான் ஹோசே வட்டாரத்து மண்ணோடு ஒத்துப்போனது. ஓவியம் தீட்டிய இத்தகைய குவளைகள் பல, அரசர்களும் பிரபுக்களும் பரிமாறிக்கொண்ட பரிசுகள் என்று கருதப்படுகிறது.

பலர் நினைப்பதுபோல இந்தச் சோதனை பானையின் வயதைச் சொல்லாது. பிறந்த மண்ணை மட்டுமே சொல்லும்.