கிணறு இருந்தது திண்டுக்கல்லில்

(வேலூர் வக்கீலின் பதில்கள். இந்த முறை சட்டம் படிப்பவர்களின் கடிதங்கள் குவிந்துவிட்டன. பட்டா, பாகப்பிரிவினைக் கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கேள்வி: எல்.எல்.எம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு ‘நீடித்த வளர்ச்சியும் உச்ச நீதிமன்றமும்’ என்று தலைப்பு கொடுத்தேன். கைடு, “இது தலைப்பு இல்லம்மா, கடல்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கிருந்து தொடங்குவது? – மாணவி, குடியாத்தம்

பதில்: கைடு சொன்னது சரி. உங்கள் தலைப்பில் கேள்வியே இல்லை. குடியாத்தத்தில் இருந்துகொண்டு நீடித்த வளர்ச்சி பேசிய ஐ.நா.வின் ரியோ மாநாட்டிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்? பக்கத்தில் பாலாறு ஓடுகிறது. சரி, ஓடவில்லை, மணலாகக் கிடக்கிறது. டேனரி என்கிற தோல் பதனிடும் ஆலைகளின் கழிவை எதிர்த்து வந்த ‘வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம்’ வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பை எடுங்கள். கேடு வருமுன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே நஷ்டத்தை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

ஆய்வுக்குப் போதாது. ஏனென்றால் 2025 ஜனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம் அதே தோல் கழிவுக்காக மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ஆறு வாரத்தில் இழப்பீடு கொடுங்கள், மாசுபடுத்தியவர்களிடம் அரசு வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. நடுவில் 28 ஆண்டு. 1996-ல் நீதிமன்றம் அமைக்கச் சொன்ன ஆணையம் இழப்பீட்டை எப்படிக் கணக்கிட்டது? பணம் எந்த மேஜையில் நின்றது? இதில் ஏதாவது ஒன்றைப் பிடித்தால் ஆய்வேடு தானாக வளரும்.

அப்புறம், தீர்ப்பை முழுசாகப் படியுங்கள். தீர்ப்புக்கு மேலே சுருக்கமாக வரும் ஹெட்நோட் நீதிபதி எழுதுவதல்ல, சட்ட இதழின் பதிப்பாசிரியர் எழுதுவது. கையில் மூன்று நிறப் பேனா வைத்துக்கொள்ளுங்கள். மனுதாரர் சொன்னதற்கு ஒன்று, எதிர்த்தரப்பு சொன்னதற்கு ஒன்று, நீதிமன்றம் முடிவு செய்ததற்கு ஒன்று. ஏன் தெரியுமா? சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்ததாக அந்தத் தீர்ப்பில் வருகிறது. ஆனால் அது ‘சொல்லப்படுகிறது’ என்ற தோரணையில், மனுதாரர் தரப்புச் சங்கதியாக வருகிறது. நான் பார்த்த பத்து ஆய்வேட்டில் எட்டு, ‘35,000 ஹெக்டேர் என்று உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது’ என்று எழுதியிருக்கும்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்வானேன்? ஒரு கருத்தரங்கில் நானே, ‘வேலூர் வட்டாரத்தில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின’ என்று கம்பீரமாக வாசித்தேன். ஒரு பாடநூலிலிருந்து எடுத்தது. பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, “தம்பி, அந்தக் கிணறெல்லாம் எங்க ஊரு, திண்டுக்கல்” என்றார். வீட்டுக்கு வந்து தீர்ப்பைப் புரட்டினால் அப்படித்தான் இருந்தது. ஒரு தொண்டு நிறுவனம் அந்தப் பக்கத்துப் பதின்மூன்று கிராமங்களில் எடுத்த கணக்கு. அன்றிலிருந்து மூலத்தைப் பார்க்காமல் அடிக்குறிப்பு போடுவதில்லை.

கேள்வி: சட்ட ஆய்வு என்றால் நூலகத்தில் உட்கார்ந்து தீர்ப்பு படிப்பதுதானே? கள ஆய்வெல்லாம் சமூகவியல்காரர்கள் வேலை இல்லையா? – மாணவர், காட்பாடி

பதில்: சட்டம் என்ன சொல்கிறது என்பது கேள்வியானால் நூலகம் போதும். கோட்பாட்டு ஆய்வு என்பது அதுதான், அதை மட்டமாக நினைக்க வேண்டாம். சட்டம் ஊருக்குள் என்ன செய்தது என்பது கேள்வியானால் பேரணாம்பட்டுக்குப் பஸ் ஏற வேண்டும்.

போனால், “டேனரியாலதானே உங்க நிலம் கெட்டுச்சு?” என்று கேட்காதீர்கள். பதிலையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். “கிணத்துத் தண்ணி எப்பலேருந்து இப்படி?” என்று கேளுங்கள், வாயை மூடிக்கொண்டு எழுதுங்கள். டேனரி முதலாளியையும் பாருங்கள், விரட்டினால் விரட்டட்டும். அரசுப் புள்ளிவிவரத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய்.

ஒரு கண்ணி உண்டு. தீர்ப்பில் வருவது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். பிறகு அது வேலூர் மாவட்டம் ஆனது. 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூரில். அன்றைய மாவட்டக் கணக்கையும் இன்றைய வேலூர்க் கணக்கையும் பக்கத்தில் வைத்து ‘மாசு குறைந்தது’ என்று எழுதினால், குறைந்தது மாசு அல்ல, மாவட்டம்.

கேள்வி: தோல் ஷாப்பில் முப்பது வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பேத்தி சட்டத்தில் ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்கிறாள். இந்தப் புத்தகங்களை யார் படிக்கிறார்கள்? – வாசகர், ராணிப்பேட்டை

பதில்: ஐயா, பெரும்பாலானவற்றை யாரும் படிப்பதில்லை. தேர்வாளர்கூட முன்னுரையும் முடிவுரையும்தான் பார்க்கிறார் என்று எனக்குச் சந்தேகம். ஆனால் 1996 தீர்ப்பே, ஐ.நா. அமைத்த ஒரு குழு நீடித்த வளர்ச்சி பற்றி 1987-ல் கொடுத்த புருண்ட்லாண்ட் அறிக்கையைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் பேசுகிறது. யாரோ எழுதி வைத்தது ஒன்பது வருஷம் கழித்து நம்மூர் வழக்கில் பயன்பட்டது. பேத்தியை உங்களிடமிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். எந்தத் தொட்டித் தண்ணீர் எங்கே போனது என்று உங்களுக்குத் தெரிந்த அளவு எந்த நூலகத்துக்கும் தெரியாது.

கேள்வி: ஏ.ஐ.யிடம் கேட்டு வழக்குகளை மேற்கோள் காட்டலாமா? – மாணவர், வாணியம்பாடி

பதில்: 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் அப்படிச் செய்தார்கள். இல்லாத வழக்குகளை அது உருவாக்கிக் கொடுத்தது, 5,000 டாலர் அபராதம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்றால் அந்த நீதிமன்றமே நடத்தும் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் தேடிப் பாருங்கள், இலவசம்தான். கிடைத்தால் பத்தி எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், திண்டுக்கல்காரர் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு அந்த வரியை அடித்துவிடுங்கள்.