மொட்டையும் காது குத்தும் கொஞ்சம் பொறுக்கட்டும்

கேள்வி: மூன்று வயது மகனுக்கு இதயத்தில் ஓட்டை என்று நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து மூன்று வாரம் ஆகிறது. ராத்திரியில் அலறிக்கொண்டு எழுகிறான், மறுபடி படுக்கையை நனைக்கிறான். மாமியார் அவனைக் கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லை. அடுத்த மாதம் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும் என்கிறார். செய்யலாமா?
- வாசகி, கரூர்

பதில்: காது குத்துவது இப்போது வேண்டாம். ஓட்டையை பேட்ச் என்கிற ஒட்டுத் துண்டு வைத்து அடைத்திருந்தால் அதன்மேல் உடம்பின் சொந்தத் திசு படர்ந்து மூட ஏறக்குறைய 6 மாதம் பிடிக்கும், அதுவரை தோல் வழியாகவோ ஈறு வழியாகவோ நுழைகிற கிருமி ரத்தத்தோடு போய் அங்கே ஒட்டிக்கொள்ளக்கூடும். சொத்தைப் பல் பிடுங்கப் போனாலும் பல் டாக்டரிடம் ஆபரேஷன் விஷயத்தை முதலில் சொல்லுங்கள், முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தர வேண்டியிருக்கும். மொட்டையில் கிருமி பயம் அவ்வளவு இல்லை, ஆனால் துள்ளுகிற பிள்ளையைத் தாய்மாமன் மடியில் இறுக்கிப் பிடிப்பார்களே, அதுதான் ஆகாது. அறுத்துக் கம்பி போட்டுக் கட்டிய நெஞ்செலும்பு ஒன்றுசேர 6 முதல் 8 வாரம் ஆகும். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

நெஞ்செலும்பு இன்னும் சேராததால் அக்குளில் கை கொடுத்துத் தூக்கவே கூடாது, கையைப் பிடித்து இழுத்து எழுப்பவும் கூடாது. ஒரு கை புட்டத்துக்கு அடியில், இன்னொரு கை முதுகோடு தோளுக்குக் கீழே, அப்படியே அள்ளி எடுங்கள். பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று யார் தூக்கினாலும் இப்படித்தான். நெஞ்சில் 'டக்' என்று சத்தம் கேட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மற்றபடி அவன் நடக்கட்டும், வீட்டுக்குள் விளையாடட்டும். களைத்தால் தானே உட்கார்ந்துவிடுவான், இந்த விஷயத்தில் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு விவரம் அதிகம். சைக்கிள், ஊஞ்சல், கட்டிலிலிருந்து குதிப்பது மட்டும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். அலறுவதும் படுக்கையை நனைப்பதும் ஐசியூ பயம், திட்டாமல் பக்கத்தில் படுத்துக்கொண்டால் சில வாரங்களில் அடங்கும்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், தையலில் நீர் கசிந்தால், மூச்சு வாங்கினால், முகம் வீங்கினால், வாந்தியோடு சோர்ந்து கிடந்தால் காத்திருக்காமல் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள், சில வாரம் கழித்துக்கூட இதயத்தைச் சுற்றி நீர் கோப்பது உண்டு.

அப்புறம், அடுத்த செக்கப்புக்குத் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். ரத்தம் ஏற்றியிருந்தால், பாக்கியிருக்கும் தட்டம்மை ஊசியைச் சில மாதம் தள்ளிப் போடச் சொல்வார்கள்.