அரிக்கும் தோலுக்கு எந்த எண்ணெய்? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, மகளுக்கு ஒவ்வாமையால் முழங்கை மடிப்பில் ஓயாத அரிப்பு. ஆலிவ் எண்ணெய் தடவலாமா? எல்லா எண்ணெயும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றில்லைம்மா. ஆலிவில் பெரும்பகுதி ஓலியிக் அமிலம். தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே சீராக அடுக்கியிருக்கும் கொழுப்பை அது கலைத்துவிடும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்கள் சில வாரம் முன்கையில் ஆலிவ் எண்ணெய் தடவினார்கள். எக்ஸிமா என்ற அரிப்புத் தோல் நோயே வந்திராதவர்களுக்கும் தோலின் காப்பு பலவீனமாகி லேசாகச் சிவந்தது. சூரியகாந்தி எண்ணெயில் அப்படி ஆகவில்லை. ஆனால் சூரியகாந்தியிலும் 'ஹை ஓலியிக்' என்று ஒரு வகை உண்டு. அது வேண்டாம், லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: சூரியகாந்தியில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: லினோலெயிக் அமிலம். சாதாரண வகையில் பாதிக்கு மேல் அதுதான். நம் உடலால் அதைத் தயாரிக்க முடியாது. 1929-இல் பர் (Burr) என்ற விஞ்ஞானித் தம்பதி, கொழுப்பே இல்லாத உணவு கொடுத்த எலிகளுக்குத் தோல் செதில் செதிலாக உரிவதைக் கண்டார்கள். தோலில் நீரைப் பிடித்துவைக்கும் செராமைடு என்ற கொழுப்புகளில் முக்கியமான ஒரு வகைக்கு லினோலெயிக் வேண்டும். அது குறைந்தால் ஈரம் வெளியே போகும், ஒவ்வாமைப் பொருள்கள் உள்ளே வரும், அழற்சி கூடும். எண்ணெய் சரிசெய்ய உதவுவது இந்தக் கசிவைத்தான். மூண்டுவிட்ட அழற்சியை அணைக்க அது மட்டும் போதாது.

கேள்வி: அப்படியானால் ஸ்டீராய்டு களிம்பை நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். சிவந்து கொதிக்கும் நேரத்தில் மருத்துவர் தந்த களிம்புதான் வேலை செய்யும். நீர் வடிந்தாலோ மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ தொற்றாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். எண்ணெயெல்லாம் அப்புறம்.

கேள்வி: ஈவினிங் பிரிம்ரோஸ் என்ற பூச்செடியின் விதை எண்ணெய் மாத்திரை சாப்பிட்டால் எக்ஸிமா அடங்கும் என்கிறார்களே?

பதில்: அதிலுள்ள காமா லினோலெனிக் அமிலம் அழற்சியைத் தணிக்கும் பொருளாக உடலில் மாறும் என்பது எதிர்பார்ப்பு. நானும் ஆவலோடு படித்த விஷயம்தான். ஆனால் 2013-இல் காக்ரேன் அமைப்பு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அதுவும், அதே அமிலம் உள்ள போரேஜ் செடி விதை எண்ணெயும் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. அந்தக் காசுக்கு நல்ல மாய்ஸ்சரைசர் வாங்குங்கள்.

கேள்வி: தேங்காய் எண்ணெய்? கடுகெண்ணெய்? டீ ட்ரீ?

பதில்: தேங்காயெண்ணெயில் லினோலெயிக் குறைவு. ஆனால் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம். எக்ஸிமா தோலில் குடியேறும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிக்கு அது ஆகாது, அதனால் வறண்ட தோலுக்குத் தடவிப் பார்க்கலாம். கடுகெண்ணெய் எரிச்சலூட்டும், வேண்டாம். டீ ட்ரீ கொழுப்பு எண்ணெயே இல்லை, வாசனை எண்ணெய். அதுவே ஒவ்வாமை உண்டாக்கும்.

கேள்வி: எப்படித் தடவுவது?

பதில்: முதலில் முன்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு, சில நாள் தொடர்ந்து. ஒன்றும் ஆகவில்லை என்றால் குளித்தவுடன், ஈரம் காயும் முன் மெல்லிதாகப் பூசுங்கள். அழுத்தித் தேய்க்கக் கூடாது. புண்ணான இடத்தில் நிலக்கடலை எண்ணெய் கூடவே கூடாது. லினோலெயிக் நிறைந்த எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். சின்ன பாட்டிலாக வாங்கி வெளிச்சம் படாமல் வையுங்கள், வாடை மாறினால் கொட்டிவிடுங்கள்.