சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தொலைவு?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் மகளைப் பார்க்க முதன்முறையாக விமானம் ஏறப் போகிறேன். தொலைவைத் தேடினால் 13,900, 8,650, 7,500 என்று மூன்று எண்கள் கிடைக்கின்றன. துபாய் வழிப் பயணச்சீட்டைக் கூட்டிப் பார்த்தால் 16,000 கிலோமீட்டரை நெருங்குகிறது. இவற்றில் எது சரி?

பதில்: முதல் மூன்றும் ஒரே தொலைவுதான் அம்மா, அளவைகள்தாம் வேறு. 13,900 என்பது கிலோமீட்டர். 8,650 நிலத்து மைல். 7,500 கடல் மைல். காசிமேட்டு விசைப்படகுக்காரர்கள் சொல்லும் அதே நாட்டிக்கல் மைலைத்தான், அதாவது 1.852 கிலோமீட்டரைத்தான், விமானிகளும் பயன்படுத்துகிறார்கள்.

இந்தத் தொலைவு பூமி உருண்டையின் மேற்பரப்பில் அளந்த மிகக் குறுகிய வழி. பள்ளிச் சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தில் அளந்தால் இது கிடைக்காது, ஏனெனில் துருவங்களை நெருங்க நெருங்க அந்தப் படம் நிலத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். அது கிழக்கே பசிபிக் கடலுக்குள் இறங்காமல் வடக்கே ஏறி, ஒடிசாவைக் கடந்து, எவரெஸ்ட் சிகரத்தை ஒட்டிச் சென்று, மங்கோலியா, சைபீரியா, பெரிங் நீரிணை வழியாக அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகருக்கு மேல் போய் இறங்கும். அந்த நூலின் நீளத்தை உருண்டையின் நடுக்கோட்டுச் சுற்றளவால் வகுத்து 40,000-ஆல் பெருக்கினால், ஏறத்தாழ 13,900 வந்துவிடும். எத்தனை முறை செய்து பார்த்தாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது.

ஆனால் அந்த நூல் போகும் வழியில் உங்கள் விமானம் போகாது. சென்னையிலிருந்து நேரடிச் சேவை இல்லை. தவிர, விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு விரைந்து இறங்கியாக வேண்டும். திபெத்தியப் பீடபூமியின் சராசரி உயரமே 4,500 மீட்டர் என்பதால், அதன் மேல் நெடுந்தொலைவு பறப்பதைப் பெரும்பாலான நிறுவனங்கள் தவிர்க்கின்றன.

சென்னை முதல் துபாய் வரை சுமார் 2,930 கிலோமீட்டர். அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ சுமார் 13,040. இரண்டும் சேர்ந்து 15,970 ஆவதால், நீங்கள் கூட்டிய எண்ணும் பிழையில்லை. காற்றின் திசையையும் வான்வெளிக் கட்டுப்பாடுகளையும் பார்த்து அன்றன்றைக்கு வழி வகுப்பதால், உண்மையில் பறக்கும் தொலைவு இதைவிடச் சற்றுக் கூடும்.

பயணத்துக்குத் திட்டமிட இந்த மொத்தத்தைவிட இரண்டாம் கட்டத்தின் நீளமே உங்களுக்கு முக்கியம். முதல் கட்டம் நான்கு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். இரண்டாவதில் 15 மணி நேரத்துக்கு மேல் இருக்கையில் கழிக்க வேண்டும். அதற்கு நடைவழியை ஒட்டிய இருக்கையை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவ்வப்போது எழுந்து நடக்க யாரையும் எழுப்ப வேண்டியிருக்காது.